கியூ பழுதுபார்க்கச் சின்ன லேத்: துளையைப் பார்த்து வாங்குங்கள்

பூல் கியூவுக்கு (மேசைப் பந்தாட்டக் கோலுக்கு) டிப் (நுனித் தோல்) மாற்ற வேண்டும், ஃபெருல் (டிப்புக்கு அடியில் வரும் உறை) போட வேண்டும், முடிந்தால் ஜாயிண்ட் பின் (கோலின் இரு பாதிகளை இணைக்கும் திருகு) வேலையும் செய்ய வேண்டும். பட்ஜெட் சிறியது. 7x12, 7x14 என்று விற்கும் மினி லேத் போதுமா, மர லேத் வாங்கலாமா, கியூவுக்கென்றே செய்த லேத்துக்குத்தான் போக வேண்டுமா? இதுதான் கேள்வி.

டிப்பும் ஃபெருலும் மட்டும் என்றால் மினி லேத் தாராளமாகப் போதும். பட் (கைப்பிடிப் பாதி) பக்கத்து ஜாயிண்ட் வேலையும் வேண்டும் என்றால் போதாது. மோட்டார் சக்தியோ பெட் (அடித்தண்டவாளம்) நீளமோ இதற்குக் காரணம் இல்லை, ஸ்பிண்டிலின் (வேலைப்பொருளைச் சுழற்றும் தண்டின்) நடுவே போகும் துளைதான். விளம்பரங்களில் ஸ்விங்கும் (சுழற்றக்கூடிய பெரிய விட்டமும்) பெட் நீளமும் கொட்டை எழுத்தில் இருக்கும், துளையின் அளவு அட்டவணையின் கடைசியில் ஒளிந்திருக்கும். கியூ வேலைக்கு முதலில் தேட வேண்டியது அந்தக் கடைசி வரியை.

கியூவின் அளவுகளோடு வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். சாதாரண பூல் கியூ 57 அல்லது 58 அங்குலம். ஷாஃப்ட் (நுனிப் பாதி), பட் இரண்டும் தலா ஏறக்குறைய 29 அங்குலம், அதாவது 735 மி.மீ. ஷாஃப்டின் நுனி 12 முதல் 13 மி.மீ., ஜாயிண்டில் 21.5 மி.மீ. அளவில் இருக்கும். பட் அங்கிருந்து தடித்துக்கொண்டே போய் அடியில் 31, 32 மி.மீ. ஆகும். 7 அங்குல மினி லேத்தின் ஸ்பிண்டில் எம்டி3 டேப்பர் (கூம்புச் சரிவு) கொண்டது, துளை 20 மி.மீ. அதோடு வரும் 80 மி.மீ. மூன்று தாடை சக்கின் (வேலைப்பொருளைக் கவ்வும் பிடிப்பானின்) நடுத்துளை இன்னும் சிறியது, 16 மி.மீ. மட்டுமே. 100 மி.மீ. சக்கில் 22, 125-இல் 30, 160-இல் 40 மி.மீ. பலர் ஸ்பிண்டில் துளையை மட்டும் கேட்டு வாங்கிவிட்டுச் சக்கில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இப்போது ஒவ்வொரு வேலையாகப் பொருத்திப் பார்ப்போம். டிப், ஃபெருல் வேலைக்கு ஷாஃப்டை ஹெட்ஸ்டாக்கின் (ஸ்பிண்டில் இருக்கும் தலைப்பகுதியின்) இடதுபுறம் இருந்து, நுனி முன்னால் போகும்படி நுழைக்கிறோம். நுனி சக்குக்கு வெளியே 40 மி.மீ. நீட்டி நிற்கும். தடித்த ஜாயிண்ட் முனை இடப்பக்கம் வெளியிலேயே இருந்துவிடும். சக், ஸ்பிண்டில் நீளங்களைக் கூட்டினால் நுனியிலிருந்து சுமார் 330 மி.மீ. வரைதான் துளைக்குள் இருக்கிறது. அங்கே ஷாஃப்டின் விட்டம் 14 மி.மீ. அளவில்தான் இருக்கும். நேர்கூம்பாகக் கடைந்த ஷாஃப்ட் என்றாலும் 17-ஐத் தாண்டாது. ஆகவே 20 மி.மீ. துளை போதும், 80 மி.மீ. சக்கும் போதும்.

ஷாஃப்டின் ஜாயிண்ட் முனையில் ஃபேஸ் எடுக்க (முகத்தைச் சமமாகக் கடைய) வேண்டும் என்றால் வலப்பக்கம் இருந்து நுழைக்க வேண்டும். தாடைக்குள் இருப்பது 21.5 மி.மீ., அதனால் 80 மி.மீ. சக் உதவாது. அடாப்டர் தட்டு வைத்து 100 மி.மீ. சக் மாட்டினால் அதன் 22 மி.மீ. துளையில் மயிரிழையில் நுழையும். ஸ்பிண்டில் வாய்க்கு வரும்போது டேப்பர் காரணமாக ஷாஃப்ட் 20-க்குக் கீழே இறங்கியிருக்கும். இங்கே வெறும் சக் தாடையில்தான் பிடிக்க முடியும், காலெட் (தாடைக்கும் கியூவுக்கும் நடுவே வைக்கும் பிளவுள்ள உறை) சுவருக்கு இடமில்லை. செய்யலாம், சுகமான வேலை இல்லை.

பட்டின் ஜாயிண்ட் முனைக்கு இடப்பக்கம் இருந்துதான் நுழைக்க முடியும். ஜாயிண்டிலிருந்து 330 மி.மீ. தள்ளிப் பட்டின் விட்டம் 26 மி.மீ. ஆகிவிடுகிறது. 20 மி.மீ. துளையில் தொடங்கக்கூட முடியாது, 26 மி.மீ. துளையும் இறுக்கம்தான். பட்டின் அடி வேலைக்கு 32 மி.மீ. முழுதாக உள்ளே போக வேண்டும். இவை எல்லாம் செய்ய வேண்டும் என்றால் 38 மி.மீ. துளையுள்ள ஸ்பிண்டில் வேண்டும். 210 மி.மீ. ஸ்விங் உள்ள மேசை லேத்களில் இப்படி ஒரு வகை வருகிறது. மினி லேத்துக்கு அடுத்த விலைப்படி அது. ஜாயிண்ட் வேலை நிச்சயம் என்றால் அதற்குச் சேர்த்து வாங்குவதே மேல். மினி லேத்தை வாங்கி இரண்டு ஆண்டில் விற்பதில்தான் உண்மையான நஷ்டம். ஷெர்லைன் போன்ற மிகச் சிறிய லேத்கள் துல்லியமானவை, ஆனால் துளை 10 மி.மீ. சொச்சம்தான், டிப் முனையே போகாது.

கியூ லேத் என்று தனியாக விற்பவை பெரும்பாலும் இலேசான பெட், பெரிய துளை, இரு பக்கமும் பிடிப்பு என்ற அமைப்பில் இருக்கும். டிப் வேலை அவற்றில் வேகமாக நடக்கும். ஆனால் அதே காசுக்கு உலோக லேத்தில் கிடைக்கும் கனமும் த்ரெட் (மரை) வெட்டும் வசதியும் பலவற்றில் கிடைக்காது. நாளொன்றுக்குப் பத்து டிப் மாற்றும் கடைக்கு அது பொருந்தும். மர லேத் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் ஸ்டெடி ரெஸ்ட் (கோலை நடுவே தாங்கும் சட்டம்) வைத்து டிப் சீவலாம். கேரேஜ் (வெட்டுளியை நகர்த்தும் வண்டி) இல்லாததால் ஃபெருலின் முகத்தை நேர்செங்குத்தாக எடுக்க முடியாது. இதற்காகப் புதிதாக வாங்காதீர்கள்.

பெட் நீளத்துக்கு அலைய வேண்டாம். டிப், ஃபெருல், ஜாயிண்ட் மூன்றுக்கும் 250, 300 மி.மீ. போதும். ஷாஃப்டை முழு நீளத்துக்குத் தேய்த்துச் சுத்தம் செய்ய மட்டும் 750 மி.மீ.க்கு மேல் தேவை. அதற்கும் மாற்று வழி உண்டு: லேத்தையும் ஒரு நீளப் பலகையையும் ஒரே அடித்தளத்தில் பொருத்தி, டெயில்ஸ்டாக்கை (வலக்கோடியில் தாங்கும் பகுதியை) கழற்றிவிட்டு, பலகையின் கோடியில் பேரிங் வைத்த ஸ்டெடியை நிறுத்தினால் போதும். தேய்க்கும் வேலைக்கு அந்தத் துல்லியம் ஏராளம்.

பழைய லேத் பார்க்கப் போனால் வெர்னியரைக் கையோடு கொண்டுபோய்த் துளையை நீங்களே அளந்துவிடுங்கள். சக்கை மேலும் கீழும் நெம்பி, ஸ்பிண்டிலில் ஆட்டம் இருக்கிறதா என்று டயல் இண்டிகேட்டரில் பாருங்கள். மிகக் குறைந்த வேகத்தில் ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். மோட்டார் கன்ட்ரோல் போர்டு சொதப்பினால் அங்கேதான் தெரியும். பெட்டில் சக்குக்கு அருகே மட்டும் தேய்மானம் இருப்பது சகஜம். ஆனால் கியூ வேலை முழுவதும் அந்த இடத்திலேயே நடப்பதால், அங்கே ஜிப்பை (ஸ்லைடின் ஆட்டத்தைக் குறைக்கும் பட்டையை) இறுக்கினால் வலக்கோடியில் கேரேஜ் சிக்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி லேத்தை நிறுவுவது. புது லேத் துருத்தடுப்புக் கிரீஸில் குளித்து வரும். மண்ணெண்ணெயில் துடைத்து, 18 முதல் 25 மி.மீ. கனமுள்ள பலகையிலோ இரும்புத் தட்டிலோ போல்ட் போடுங்கள். ஒரு காலை மட்டும் இறுக்கி இழுத்தால் பெட் முறுக்கிக்கொள்ளும். எனவே ஒவ்வொரு காலின் கீழும் இடைவெளி இருந்தால் தகடு வைத்து நிரப்பிய பிறகே இறுக்க வேண்டும். கிராஸ் ஸ்லைடு, காம்பவுண்ட் (கோணத்தில் திருப்பக்கூடிய மேல் ஸ்லைடு), கேரேஜ் மூன்றின் ஜிப்களையும் கைக்குச் சற்றே கனமாகத் தெரியும் அளவுக்கு இறுக்குங்கள். கியூவில் எல்லா வெட்டும் சிறிதுதான், ஆகவே காம்பவுண்டைப் பூட்டிவிட்டு வேலை செய்தாலே பாதி அதிர்வு போய்விடும்.

இயந்திரத்தின் துல்லியத்தை விட முக்கியமானது பிடிப்பு. விலை மலிவான லேத்தில் நல்ல கியூ வேலை வருவதும் வராததும் இங்கேதான் தீர்மானமாகிறது.

முதலில் பின்பக்கத் தாங்கு. டிப் வேலையில் ஷாஃப்டின் 400 மி.மீ. ஹெட்ஸ்டாக்கின் இடப்பக்கம் வெறுமனே தொங்கும். மெல்லிய வளைவு இருந்தாலும் வேகம் கூடும்போது அது சாட்டையாக வீசத் தொடங்கி, துளையின் விளிம்பில் ஒடிந்தும் போகலாம். இரண்டு இடங்களில் தாங்கு வேண்டும். ஒன்று ஸ்பிண்டிலின் இடது வாயில்: விளிம்புள்ள அசிட்டால் (கடினமான பிளாஸ்டிக்) புஷ், அல்லது நுனியில் நைலான் வைத்த மூன்று நான்கு திருகுகள் உள்ள வளையம். இன்னொன்று லேத்தின் பலகையிலேயே நிற்கும் ஸ்டாண்ட்: பெரிய துளையுள்ள பால் பேரிங், உள்ளே ரப்பர் புஷ், உயரம் ஸ்பிண்டில் மையத்துக்குச் சமம். தொங்கும் ஷாஃப்டின் மேல் 50 மி.மீ. பிவிசி குழாயை உறையாகப் போட்டுவிட்டால் சட்டைக் கையும் தலைமுடியும் தப்பும். இந்த இரண்டாவது தாங்கு இல்லாதவரை நிமிடத்துக்கு 300, 400 சுற்றுக்கு மேல் போகாதீர்கள்.

அடுத்தது காலெட். சக் தாடை நேராக மரத்தைப் பிடித்தால் மூன்று பள்ளம் விழும். மலிவு சக்கில் 0.05 முதல் 0.1 மி.மீ. வரை ரன் அவுட்டும் (சுழலும்போது மையம் விலகுவதும்) இருக்கும். இரண்டுக்கும் ஒரே மருந்து, நீங்களே கடைந்த அசிட்டால் காலெட். 32 மி.மீ. கம்பியில் 60 மி.மீ. நீளம் எடுத்து, சக்குக்குள் வழுக்கிப் போகாதபடி முன்னால் 3 மி.மீ. விளிம்பு விட்டு, மீதியைத் தாடை பிடிக்கும் அளவுக்குக் கடையுங்கள். அதை அதே சக்கில் பிடித்து, ஷாஃப்டை விடச் சற்றே சிறிய டிரில் போட்டு, போரிங் பாரால் (துளையின் உள்ளே கடையும் உளியால்) ஷாஃப்டின் விட்டத்தை விட 0.1, 0.2 மி.மீ. கூடுதலாகத் துளையைப் பெருக்குங்கள். கழற்றும் முன் முதல் தாடைக்கு நேராக ஒரு கோடு போட்டுவிடுங்கள். பிறகுதான் ஒரு பக்கம் முழு நீளத்துக்கு ரம்பத்தால் பிளக்க வேண்டும். பிளவு இரண்டு தாடைகளுக்கு நடுவே வர வேண்டும். எப்போதும் அந்தக் கோட்டை அதே தாடைக்கு நேராக வைத்தால் சக்கின் கோணல் காலெட்டுக்குள்ளேயே கழிந்துபோகும். 12, 13, 14 மூன்றும் இருந்தால் டிப் வேலைக்குப் போதும்.

டேப்பர் உள்ள இடத்தில் நேர்த்துளைக் காலெட் ஒரு விளிம்பில் மட்டும் பிடிக்கும், ஷாஃப்ட் உள்ளே ஆடும். பெரும்பாலான ஷாஃப்ட்களில் நுனியிலிருந்து 25, 30 செ.மீ. வரை விட்டம் அவ்வளவாக மாறாது, அதனால் டிப் வேலையில் இது தொல்லை தராது. பெரிய துளை லேத்தில் ஜாயிண்ட் முனையைப் பிடிக்கும்போதுதான் சிக்கல். அங்கே ஷாஃப்டை 50 மி.மீ. இடைவெளியில் இரண்டு இடத்தில் அளந்து, வித்தியாசத்தில் பாதியைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமாக அரை மி.மீ. அளவில் வரும். சக்கில் ஒரு நேரான கம்பியைப் பிடித்து, காம்பவுண்டில் டயல் இண்டிகேட்டரை நிறுத்தி, காம்பவுண்டை 50 மி.மீ. நகர்த்தும்போது முள் அந்தப் பாதியைக் காட்டும்படி திருப்பிப் பூட்டுங்கள். அந்தக் கோணத்தில் காலெட் துளையைக் கடைந்தால் முழு நீளத்துக்கும் ஒட்டிப் பிடிக்கும். காம்பவுண்டில் பொறித்திருக்கும் டிகிரிக் கோடுகளை நம்பி அரை டிகிரி வைக்க முடியாது.

டெயில்ஸ்டாக்கை நேராக்க, சக்கில் ஒரு கம்பியைப் பிடித்து அங்கேயே கூராகக் கடைந்து, கழற்றாமல், டெயில்ஸ்டாக் சென்டரை அதன் முனைக்குக் கொண்டுவாருங்கள். நடுவே மெல்லிய ஸ்டீல் ஸ்கேலைப் பிடித்தால் அது சாயும் பக்கம் கோணலைச் சொல்லும். பிறகு சக்கில் இண்டிகேட்டரைப் பொருத்தி, கையால் சக்கைச் சுற்றி, டெயில்ஸ்டாக் டேப்பரின் உள்சுவரை அளந்து பாருங்கள். முள் காட்டும் மொத்தத்தில் பாதிதான் உண்மையான விலகல். 0.03 மி.மீ.க்குள் வந்தால் போதும். உயரம் குறைந்திருந்தால் அடித்தட்டுக்கும் உடலுக்கும் நடுவே மெல்லிய பித்தளைத் தகடு வையுங்கள்.

லேத்தோடு வரும் கார்பைடு பிட்டுகளை ஒதுக்கிவிடுங்கள். இரும்புக்குச் சரி, தோலையும் மரத்தையும் அவை வெட்டாது, பிய்க்கும். ஹெச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) பிட்டில் மேல்சாய்வு 15 முதல் 20 டிகிரி வைத்துத் தீட்டி, எண்ணெய்க்கல்லில் முனையை மினுக்குங்கள். தீட்டத் தெரியாதவர்கள் அலுமினியத்துக்கென வரும் பளபளப்பான சிசிஜிடி இன்சர்ட் (மாற்றக்கூடிய வெட்டுமுனை) வாங்கலாம். முனை சரியாக மைய உயரத்தில் இருக்க வேண்டும். கீழே இருந்தால் ஃபேஸ் எடுக்கும்போது நடுவில் ஒரு முளை மிஞ்சும், அதன் மேல் டிப் ஒட்டினால் ஓரம் ஒட்டாது.

டிப் மாற்றுவது இப்படி. பழைய டிப்பை 400, 500 சுற்றில் ஃபேஸ் எடுத்து நீக்கி, ஃபெருலின் முகத்தில் பழைய பசை போகும் அளவுக்கு 0.05 மி.மீ. மட்டும் எடுங்கள். புது டிப்பின் அடியைச் சமதளத்தில் ஒட்டிய 120 அல்லது 150 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துச் சமம் பாருங்கள். கெட்டியான ஜெல் வகைச் சூப்பர் க்ளூ ஒரு துளி போதும். நீர்த்த வகை தோலுக்குள் ஏறி டிப்பைக் கல்லாக்கிவிடும், அடுக்கு டிப்புகளில் இது இன்னும் மோசம். டெயில்ஸ்டாக்கில் கூரான லைவ் சென்டர் (கூடவே சுழலும் தாங்குமுனை) வைத்து அழுத்தக்கூடாது, டிப்பின் நடுவில் குழி விழும். 20 மி.மீ. அசிட்டால் வட்டின் பின்புறம் 60 டிகிரி குழி போட்டு, லைவ் சென்டரின் முன் தொப்பியாக மாட்டினால் தட்டையாக அழுத்தும். பத்து நிமிடம் விடுங்கள்.

அந்தத் தட்டை அழுத்திய நிலையிலேயே, டிப்பிலிருந்து ஃபெருலை நோக்கி, ஒரு தடவைக்கு 0.2 மி.மீ. என்று 500, 600 சுற்றில் சீவுங்கள். இந்தத் திசையில் வெட்டினால் தோலின் நார் ஃபெருலோடு ஒட்டி அழுந்தும். எதிர்த்திசையில் நார் கிளம்பி ஓரம் பிசிறடிக்கும். ஃபெருலை விட 0.05 மி.மீ. பெரிதாக நிறுத்தி, ஃபெருலில் ஒட்டும் டேப் சுற்றி, மீதியை 400, 600 நம்பர் தாளில் முடியுங்கள். வேகத்தைக் கூட்டினாலோ பிட் மழுங்கினாலோ சூடேறிப் பசை இளகும். சீவும்போது டிப் கழன்று விழுந்தால் பெரும்பாலும் குற்றவாளி சூடுதான், பசை இல்லை. பக்கவாட்டைச் சிறிது நனைத்து, தோல் துண்டால் 1000 சுற்றில் அழுத்தித் தேய்த்தால் இறுகி மின்னும். மேல் வளைவுக்கு இரண்டு அமெரிக்க நாணயங்கள்தான் வழக்கமான அளவுகோல்: நிக்கல் வளைவு என்றால் ஆரம் 10.6 மி.மீ., டைம் வளைவு என்றால் 9 மி.மீ.

ஃபெருலைத் திருகிக் கழற்றப் பார்த்தால் உள்ளே இருக்கும் டென்னன் (ஃபெருலுக்குள் நுழையும் மெல்லிய மரமுனை) முறியும். கடைந்தே தீர்க்க வேண்டும். டென்னன் பெரும்பாலும் 5/16 அங்குலம், அதாவது 7.94 மி.மீ., வழவழப்பாகவோ 5/16-18 (அங்குலத்துக்கு 18 மரை) த்ரெட்டோடோ இருக்கும். விட்டம் 8.5-க்கு வந்ததும் 0.1 மி.மீ. வெட்டுக்கு இறங்குங்கள், மரத்தின் நிறம் தெரிந்தவுடன் நிறுத்துங்கள். மிஞ்சிய மெல்லிய தோடு கத்தி முனையில் உரிந்து வரும். ஷாஃப்டின் தோள்பட்டையை நடுவில் 0.05 மி.மீ. பள்ளமாக எடுத்தால் ஃபெருலின் வெளிவிளிம்பு முதலில் உட்காரும், கறுப்புக் கோடு தெரியாது. ஒட்டுவதற்கு மெதுவாக இறுகும் எபாக்சி. டென்னனின் நீளத்துக்கு ஒரு மெல்லிய பள்ளக்கோடு கீறிவிடுங்கள், இல்லையென்றால் மூடிய ஃபெருலில் காற்றும் பசையும் அடைபட்டு, ஒட்டிய பிறகும் ஃபெருலை மெல்ல வெளியே தள்ளும். இறுகிய பின் ஷாஃப்டின் விட்டத்துக்கு 0.03 மி.மீ. கூடுதல் வரை கடைந்து, மீதியைத் தாளுக்கு விடுங்கள். ஷாஃப்ட் மரத்தைத் தாளால் தொடாதீர்கள். ஒவ்வொரு பழுதுக்கும் 0.1 மி.மீ. போனால் 13 மி.மீ. ஷாஃப்ட் சில ஆண்டுகளில் 12.5 ஆகிவிடும், உரிமையாளருக்கு அடி மாறியது மட்டும் தெரியும், காரணம் தெரியாது.

ஜாயிண்ட் வேலையை மட்டும் அவசரமாகத் தொடங்காதீர்கள். கணக்கு எளிது: 21.5 மி.மீ. முகத்தில் ஒரு ஓரம் 0.05 மி.மீ. உயர்ந்திருந்தால், 735 மி.மீ. தள்ளி டிப் 1.7 மி.மீ. விலகி நிற்கும். மேசையில் உருட்டினாலே துள்ளும். எனவே முகம் எடுக்கும் முன், பிடித்த இடத்துக்கு அருகிலும் முனையிலும் இண்டிகேட்டரில் பார்த்து, இரண்டிலும் 0.02 மி.மீ.க்குள் கொண்டுவர வேண்டும். இதற்கு நான்கு தாடை சக் அல்லது பின்பக்கத் திருகு வளையம் கட்டாயம். பழைய பின்னை எடுக்க, அதன் மேல் சால்டரிங் அயர்ன் வைத்துச் சூடேற்றினால் எபாக்சி இளகித் திருகி வரும். புதுத் துளைக்கு டிரிலை மட்டும் நம்பக்கூடாது, அது மரத்தின் ரேகையைப் பின்பற்றி விலகும். டிரில் சிறியதாகப் போட்டு, போரிங் பாரால் முடித்து, த்ரெட் வெட்டும் டேப்பை டெயில்ஸ்டாக் சென்டரால் தாங்கிக் கையால் திருப்புங்கள். கியூ எது என்று பார்த்தே பின் வாங்க வேண்டும். 5/16-14, 5/16-18, 3/8-10 மூன்றும் பரவலாக உண்டு, ஒன்றுக்கொன்று சேராது. த்ரெட்டை லேத்திலேயே வெட்டும் எண்ணம் இருந்தால், 10, 14, 18 மூன்றும் கியர் அட்டவணையில் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். மெட்ரிக் லீட்ஸ்க்ரூ (த்ரெட் வெட்டும்போது கேரேஜை நகர்த்தும் திருகு) உள்ள சில லேத்களில் இருக்காது.

வளைந்த ஷாஃப்டை எந்த லேத்தும் நேராக்காது. கடைந்து நேராக்கப் பார்த்தால் ஒரு பக்கம் மெலியும், அடுத்த ஈரப்பதத்தில் மறுபடி வளையும்.

தேய்க்கும்போது பெட்டின் மேல் காகிதமோ துணியோ போடுங்கள், சக் பக்கம் மட்டும் எட்டாதபடி நன்றாகத் தள்ளி. உப்புத்தாளின் துகள் எண்ணெயோடு சேர்ந்தால் பெட்டை அரைக்கும் பசையாகும். மர வேலை நாட்களில் எண்ணெய்க்குப் பதில் மெழுகு தடவித் துடைத்துவிடலாம். ஃபீனாலிக் ஃபெருலின் தூசி நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசமும் வெட்டும் இடத்திலேயே வேக்குவம் குழாயும் வேண்டும். சுற்றும் வேலையில் கையுறை கூடாது. மினி லேத்தின் கன்ட்ரோல் போர்டு பெட்டியின் காற்றுத் துளைகளில் மெல்லிய ஸ்பாஞ்ச் வடிகட்டி ஒட்டி மாதம் ஒருமுறை தட்டிவிடுங்கள். அந்தப் பெட்டிக்குள் தூசி சேர்ந்தால் போர்டு சூடேறிக் கருகும்.